எண்ணெய்ச் சீட்டு

வேதநாயகி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் எழுத்தைக் கண்டால் கால் நகராது. கடுகு மடித்து வந்த காகிதம், பஸ்ஸின் நெற்றிப் பலகை, கொட்டகைத் தட்டியில் ஒட்டிய சினிமா நோட்டீஸ் என்று எதுவானாலும் படித்துவிட்டுத்தான் நகர்வாள். காகிதம் பாதியில் கிழிந்திருந்தால் மீதிப் பாதியில் என்ன இருந்திருக்கும் என்று இரண்டு நாள் யோசிப்பாள். "உன்னை வயித்துல வெச்சிருந்தப்போ உங்கம்மா மண்ணுக்குப் பதிலா பேப்பரைத் தின்னாங்களா?" என்று அவள் புருஷன் ராஜகோபால் கேட்பான். அவனுக்குச் செஞ்சி கடைத்தெருவில் கோணிக்கடை. மல்லாட்டை, அதாவது மணிலா வேர்க்கடலை, அறுவடையானால் ஊரில் எல்லாருக்கும் கோணி வேண்டும். எல்லாரையும்விட அதிகமாக ராஜகிரி எண்ணெய் ஆலைக்கு வேண்டும். கடையில் போகிற நாலு கோணியில் மூன்று அங்கேதான் போகிறது.

அப்படி எல்லாவற்றையும் படிக்கிறவள் ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டாள். அது இங்கிலீஷில் இருந்தது.

அறுபத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம் அது. மழை விடுவதும் தூறுவதுமாக இருந்தது. ஈரக் கோணியின் புழுங்கல் நாற்றம் கடை முழுக்க அடித்தது. கடையின் பின்கட்டில் கிழிசல் கோணி தைக்கும் மீனம்பாள் அன்றைக்கு ஊசியைத் தொடவில்லை. சிங்கவரத்திலிருந்து நடந்து வந்து, முந்தானையில் முடிந்திருந்த சீட்டுக் கட்டை எடுத்து வேதநாயகி முன்னால் வைத்தாள்.

"யம்மா, எண்ணெய்ச் சீட்டு. நாப்பத்தேழு. டின்னு எல்லாம் ஊடு ஊடா குடுத்துட்டேன். கைநாட்டும் வாங்கியாச்சி. பேரு மட்டும் எழுதிக் குடுத்துடும்மா."

இது வருஷா வருஷம் நடப்பது. ஆலை தொடங்கிய புதிதில் கையில் பணமில்லாமல், மூட்டை கொண்டுவந்த சிறு விவசாயிகளுக்கு விலையில் ஒரு பகுதிக்குப் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். ஆலையில் உரித்த மல்லாட்டைப் பயறு பொறுக்கிய பெண்களுக்கு முதல் வருஷத்துப் போனஸுக்குப் பதில் ஆளுக்கு ஒரு பத்து ரூபாய்ப் பங்கு. அப்படித்தான் மீனம்பாளும் கம்பெனியில் ஒரு பங்குதாரர் ஆனாள். அந்தப் பத்திரம் அவள் வீட்டுக் கூரையில் மூங்கில் குழாய்க்குள் இருக்கிறது. வேதநாயகிக்கு நாற்பது பங்கு. அனந்தபுரத்தில் மணிலாக் கமிஷன் மண்டி வைத்திருந்த அவள் அப்பா சீதனமாக எழுதி வைத்தது.

லாபத்தில் பங்கு என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. ஆனால் தீபாவளிக்கு ஆலையிலிருந்து பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு டின் எண்ணெய் வரும். டின்னோடு ஒரு சீட்டு. மேலே இங்கிலீஷில் நாலைந்து வரி. கீழே தமிழில், 'எண்ணெய் பெற்றுக்கொண்டேன்.' அதன்கீழ் கையெழுத்து அல்லது கைநாட்டு. சிங்கவரத்து டின்களைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சீட்டு வாங்கிவரும் பொறுப்பு மீனம்பாளுடையது. அதற்கு அவளுக்கு ஒரு டின் கூடுதல்.

கைநாட்டு வைத்தால் பக்கத்தில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் எழுத வேண்டுமல்லவா? வேதநாயகி கால்மேல் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'இது சிங்கவரம் பொன்னுசாமி கைநாட்டு.' 'இது சிங்கவரம் தைலம்மாள் கைநாட்டு.' ஒவ்வொன்றின் கீழும் சாட்சியாகத் தன் பெயர். அவள் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"மேல இன்னாம்மா போட்டிருக்குது?" என்று மீனம்பாள் கேட்டாள்.

"கம்பெனி பேரா இருக்கும்."

"இத்தினி நீட்டாவா?"

"பெரிய கம்பெனிடி. பேரும் பெருசா இருக்காதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேதநாயகி தன் சீட்டிலும் கையெழுத்துப் போட்டாள். மீனம்பாளும் மையில் விரலை அழுத்தித் தனக்கு ஒன்று வைத்தாள். சாயங்காலமே கட்டு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் டின்னின் வாயைத் திறக்கும்போது, அதில் மடித்துச் செருகியிருந்த காகிதத்தை வேதநாயகி பிரித்தாள். கம்பெனியின் வருடாந்தரக் கூட்ட நோட்டீஸ். வழக்கமாக அதுவும் இங்கிலீஷில்தான் வரும். இந்த வருஷம் பின்பக்கம் தமிழில் அச்சாகியிருந்தது. பிறகென்ன, அடுப்பில் வாணலி காய்ந்து புகைகிற வரை நின்றபடியே படித்தாள். நாலாவது தீர்மானத்தில் கண் நின்றுவிட்டது. கம்பெனி இனிமேல் அரசியல் கட்சிகளின் தேர்தல் நிதிக்கு நன்கொடை வழங்கலாம் என்று விதியைத் திருத்துவது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தப் பேச்சு வந்தது. ரேஷனில் அரிசி வராத வாரம், அதனால் கேழ்வரகு தோசையும் மல்லாட்டைத் துவையலும்.

"ஏங்க, கம்பெனி ஓட்டுப் போடுமா?"

ராஜகோபால் நிமிர்ந்து பார்த்தான். "கம்பெனி எப்பிடி ஓட்டுப் போடும்? அதுக்கு இன்னா விரலா இருக்குது, மை வெக்க?"

"அப்போ அதுக்கு எதுக்கு கட்சி?"

"முதலாளி குடுக்கறாரு. அவர் பணம், அவர் யாருக்கு வேணா குடுப்பாரு."

"அவர் பணமாங்க? எங்க நைனா போட்ட நாப்பது பங்கும் அதுல இருக்குதே. என்னை ஒரு வார்த்தை கேக்க வாணாமா?"

"கேக்கத்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க."

"ஆமால்ல!" என்றாள் வேதநாயகி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் ராஜகோபாலுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

"இந்தா வேதா, நீ போயி அங்க எதுவும் கேட்டு வெக்காதே. ஆலை நம்ப கிட்ட கோணி வாங்குது. திண்டிவனத்துல ஒருத்தன் ரெண்டணா குறைச்சிக் குடுக்கிறேன்னு வாசல்லயே நிக்கிறான். நம்ப பொழப்பு அந்த மனுஷன் தலையாட்டறதுல இருக்குது."

"நான் இன்னா சண்டைக்கா போறேன்? தெரிஞ்சிக்கத்தானே கேக்கறேன்."

"நீ தெரிஞ்சிக்கிறதுதான் ஊருக்கே சண்டை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அவன் பயத்தில் பொய்யில்லை. வேதநாயகிக்கும் அது தெரியும். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தாள். மூன்றாம் நாள் பின்கட்டில் மீனம்பாள் கோணியைக் காலில் கவ்விக்கொண்டு தைத்தபடி தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். இளையபெருமாள் பயறு பொறுக்கும் பெண்களுக்குச் சங்கம் வைத்தவன். வருகிற தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறானாம்.

"கையில இன்னா வெச்சிருக்கான் நிக்கிறதுக்கு?"

"ஒரு சைக்கிளு. தகரத்துல செஞ்ச ஊதுகுழலு ஒண்ணு. பொறுக்கற பொம்பளைங்க ஆளுக்கு நாலணா எட்டணான்னு போட்டு டெபாசிட்டு கட்டறாங்கோ. ஆலையில குடிக்கத் தண்ணி வெக்கணும், மூட்டைக்குக் கூலி ஏத்தணும், அத்த அசம்பிளியில சொல்லணும்னு நிக்கிறான். மொதலாளிக்குப் புடிக்கல. வேற ஒரு கட்சி ஆளுக்குப் பணம் குடுக்கப் போறாராம், ஜீப்பு எடுத்துத் தரப் போறாராம்."

வேதநாயகி நோட்டீஸை எடுத்துவந்து நாலாவது தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். மீனம்பாளின் ஊசி பாதியில் நின்றது.

"அப்போ யம்மா, என் ஒரு பங்கும் அதுல சேத்தியா?"

"சேத்திதான்."

"என் பத்து ரூவா என் தம்பிக்கு எதுருல கூவுமா?"

"அப்பிடித்தான் ஆவுது."

"நான் ஓட்டு அவனுக்குப் போடுவேன். எம் பணம் இவனுக்குப் பேசும். ஒருத்திக்கு எப்பிடிம்மா ரெண்டு வாயி?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் கேட்டாள். அந்தக் கேள்விதான் வேதநாயகியைக் கிளப்பியது. கோணி, வியாபாரம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதற்கு விடை தெரியாமல் அவளால் தூங்க முடியாது.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்தது. கூட்டத்தன்று ராஜகோபால் திண்டிவனம் போயிருந்தான். வேதநாயகி அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மீனம்பாளும் பயறு பொறுக்கும் பெண்கள் பதினைந்து பேரும் முன்னே நடக்க, ஆலைக்குப் போனாள். கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். தரையெங்கும் மல்லாட்டைத் தோல், செக்கு அறையிலிருந்து சூடான புண்ணாக்கு வாசனை. மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். மற்ற வருஷங்களில் பத்துப் பேர் வந்து, வடை தின்று, காபி குடித்துவிட்டுப் போவார்களாம். இத்தனை பெண்களைப் பார்த்ததும் மேனேஜர் ரங்கநாதன் வடையை எண்ணிப் பார்க்க உள்ளே ஓடினார்.

முதலாளி கிருஷ்ணமூர்த்தி வெள்ளைச் சட்டையில் மேஜைக்குப் பின்னால் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஊர்க் கல்யாணங்களுக்கு எண்ணெய் அனுப்புகிறவர், ஆளைப் பார்த்தால் எழுந்து கும்பிடுகிறவர். வேதநாயகியையும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. அனந்தபுரத்து மண்டிக்காரர் பொண்ணு இல்ல நீங்க? ராஜகோபால் வரலியா?"

"பங்கு எம் பேர்ல இருக்குதுங்க."

நாலாவது தீர்மானம் வந்ததும் அவள் எழுந்து நின்றாள். "எனக்கு ஒண்ணு தெரியணுங்க. கம்பெனின்னா எண்ணெய் ஆட்டறது. அது எதுக்குங்க கட்சிக்குப் பணம் குடுக்கணும்?"

"நல்ல கேள்வி" என்றார் முதலாளி. உண்மையாகவே அவருக்குக் கேள்வி பிடித்திருந்ததுபோல் இருந்தது. "கேளுங்கம்மா. மணிலாவுக்கு வரி போடறது யாரு? கவர்மெண்டு. கரண்டுக்கு ரேட்டு வெக்கிறது யாரு? கவர்மெண்டு. அப்போ அங்க நம்ப குறையைச் சொல்ல ஒரு ஆளு வாணாமா? அந்த ஆளு ஜெயிக்கணும்னா மைக்கு வேணும், நோட்டீஸ் வேணும், பெட்ரோல் வேணும். காசு குடுக்காதேன்னா, வாயைத் தொறக்காதேன்னு அர்த்தம். இது சுதந்திர நாடு. எல்லாருக்கும் பேச உரிமை இருக்கறப்போ கம்பெனிக்கு மட்டும் கிடையாதா?"

"நீங்க பேசுங்க, யாரு தடுத்தா? உங்க சட்டைப் பையில இருந்து குடுத்துப் பேசுங்க."

"கம்பெனின்னா யாரும்மா? நாம எல்லாரும்தான். பத்துப் பேர் சேந்து பேசறது தப்பா? இதோ இந்த மீனம்பா தம்பி சங்கம் வெச்சிருக்கானே, சந்தா வாங்கறானே, அந்தப் பணத்துல டெபாசிட்டு கட்டறானே. அது மட்டும் சரியா?"

கிட்டங்கியில் பலர் தலையாட்டினார்கள். வேதநாயகிக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் பக்கத்தில் மீனம்பாள் எழுந்துவிட்டாள்.

"மொதலாளி, சங்கத்துக்கு நாலணா குடுக்கறவ, எந்தம்பிக்குன்னு தெரிஞ்சி குடுக்கறா. வாணாம்னா அடுத்த மாசம் குடுக்க மாட்டா. நாங்க இங்க பங்கு வாங்கனது எதுக்குங்க? கூலிக்குப் பதிலு வாங்கனது. இத்த வெச்சி நீங்க யாருக்கோ கோஷம் போடுவீங்கன்னு அன்னிக்குச் சொல்லலியே."

"புடிக்கலன்னா பங்கை வித்துடலாம் மீனம்பா. நானே வாங்கிக்கிறேன்."

"வித்துட்டா பேசவே முடியாதேங்க. இப்போ நான் இங்க நிக்கிறதே அந்த ஒரு பங்குலதானே?"

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். "சரி, கை தூக்கச் சொல்லலாம். தீர்மானம் வேணும்ங்கறவங்க?"

ரங்கநாதன் எண்ணினார். பதினாறு. "வாணாம்ங்கறவங்க?" பயறு பொறுக்கிய கைகள் எல்லாம் உயர்ந்தன. தோல் உரிந்து, நகம் கறுத்த கைகள். மூலையில் இருந்த சிறு விவசாயிகள் சிலரும் தூக்கினார்கள். வேதநாயகி தன் வளையல் கையைத் தூக்கினாள். இருபத்துமூன்று.

அந்த நிமிஷத்து சந்தோஷத்தை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டாள். முதலாளிக்கும் ஒரு கை, மீனம்பாளுக்கும் ஒரு கை. இவ்வளவு சுலபமா இது!

ரங்கநாதன் குனிந்து முதலாளி காதில் ஏதோ சொன்னார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பெனிச் சட்டத்துல இன்னொரு முறை இருக்குது. கைக்கு ஒண்ணுன்னு இல்லாம, பங்குக்கு ஒரு ஓட்டுன்னு எண்ணறது. அப்பிடியே எண்ணிடலாம். வராதவங்க ஓட்டையும் சேத்து."

"வராதவங்க எப்பிடிங்க ஓட்டுப் போடுவாங்க?" என்று வேதநாயகி கேட்டாள். இந்தத் தடவை வாதத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"அவங்களுக்குப் பதிலா மேனேஜர் போடலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."

ரங்கநாதன் அலமாரியிலிருந்து கட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். சணலில் கட்டியிருந்தன. ராஜகோபால் கடைச் சணல். "நேர்ல வந்தவங்க சீட்டு செல்லாது, திருப்பி வாங்கிக்கலாம்" என்று சொல்லி, நியாயமாகவே, ஒவ்வொன்றாகப் பெயர் படித்துக் கொடுத்தார். வேதநாயகியின் கையில் ஒரு சீட்டு வந்தது. மேலே இங்கிலீஷில் நாலைந்து வரி. கீழே 'எண்ணெய் பெற்றுக்கொண்டேன்.' அதன்கீழ் அவளுடைய குண்டுக் கையெழுத்து.

"இது எண்ணெய்ச் சீட்டுங்களே."

"எண்ணெய் வாங்கனதுக்கும் இதான். மேல படிங்கம்மா. கூட்டத்துல எனக்குப் பதிலா மேனேஜர் ஓட்டுப் போட சம்மதம்னு தெளிவா இருக்குதே. வருஷா வருஷம் போடறதுதானே" என்றார் ரங்கநாதன்.

வேதநாயகி மேஜைக்குக் கிட்டே போனாள். சிங்கவரத்துக் கட்டு பிரிந்து கிடந்தது. 'இது சிங்கவரம் பொன்னுசாமி கைநாட்டு.' 'இது சிங்கவரம் தைலம்மாள் கைநாட்டு.' மீனம்பாள் வீடு வீடாக வாங்கி வந்தது, இவள் பலகையைக் கால்மேல் வைத்து அழகாக எழுதியது. கீழே எல்லாவற்றிலும் சாட்சி, வேதநாயகி. ஊரில் உள்ள பொட்டலக் காகிதத்தையெல்லாம் படித்தவள், தான் கையெழுத்துப் போட்டதைப் படிக்கவில்லை. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

எண்ணி முடிக்க அரைமணி ஆனது. தீர்மானம் நிறைவேறும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிட்டது. வடை வந்தது. மீனம்பாள் தன் பங்கு வடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், தரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

திரும்பி வரும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. சத்திரத்து முனை தாண்டியதும் மீனம்பாள்தான் பேசினாள். "பொன்னுசாமி அண்ணனுக்கு அன்னிக்கி ஜுரம். வாணாம்னு படுத்திருந்தாரு. நான்தாம்மா எழுப்பி விரலைப் புடிச்சி வெச்சேன். டின்னு திரும்பிப் போயிடுமேன்னு."

"எழுதனது நான்டி" என்றாள் வேதநாயகி.

ராஜகோபாலுக்கு விஷயம் பஸ் இறங்கும் முன்பே எட்டியிருந்தது. அவன் கத்தவில்லை. "அடுத்த மாசம் கோணி ஆர்டர் பாதின்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றான். "மீதியும் போவாம பாத்துக்க. இனிமே இந்தப் பேச்சே வாணாம்." வேதநாயகி தலையை ஆட்டினாள். நியாயமாகத்தான் சொன்னான். பொங்கல் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. பொட்டலக் காகிதத்தைக்கூடப் படிக்காமல் அடுப்பில் போட்டாள்.

தை பிறந்ததும் ஜீப் வந்தது. நாலு பக்கமும் நாலு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே கிராமபோன் தட்டு. ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு பெயரைச் சொல்லி, வாக்களிப்பீர், வாக்களிப்பீர் என்று கத்துவார்கள். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. ஜீப்பின் முன்பக்கம் ரங்கநாதன் உட்கார்ந்திருப்பார், கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரு கும்பிடு. கோணிக்கடையிலிருந்து ராஜகோபாலும் எழுந்து கும்பிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை நாள், சாயங்காலம். ஜீப் கோணிக்கடைக்கு நேரே கூட்டத்தில் மாட்டி நின்றுவிட்டது. பாட்டு காதைப் பிளந்தது. மேல்தட்டில் வைத்திருந்த சீசாவே அதிர்ந்தது. மீனம்பாள் பின்கட்டிலிருந்து ஊசியோடு வெளியே வந்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் அவள் தம்பி இளையபெருமாள் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தகரக் குழலை வாயில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒரு சொல்லும் இந்தப் பக்கம் வரவில்லை. அவன் முன்னால் நின்றிருந்த மூன்று பேரும் காதில் கைவைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள்.

மீனம்பாள் ஜீப்பைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு வேதநாயகியின் காதருகே வந்து கேட்டாள்.

"யம்மா, இந்தக் கூச்சல்ல என் பத்து ரூவா எதும்மா?"

வேதநாயகிக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குமேலே ஒன்று வந்தது. எதிர்ப்பக்கம் அந்த வாய் இன்னும் அசைந்துகொண்டே இருந்தது. அவன் என்ன சொல்கிறான்? தண்ணீரைப் பற்றியா, கூலியைப் பற்றியா, வேறு ஏதாவதா? இரண்டு மாதமாக ஊரெல்லாம் சுற்றுகிறானாம், ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. கிழிந்த காகிதத்தின் மீதிப் பாதி அங்கே தெருவுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தது.

அவள் கடையை விட்டுத் தெருவில் இறங்கினாள்.

"வேதா!" ராஜகோபால் எழுந்துவிட்டான். "ரங்கநாதன் பாக்கறாரு. உள்ள வா."

"கேட்டுட்டு வந்துடறேங்க."

ஜீப்பின் மூக்கை உரசிக்கொண்டு, ரங்கநாதனின் கும்பிடுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி தெருவைக் கடந்தாள். கடைத்தெரு முழுக்க அவளைப் பார்த்தது. இளையபெருமாள் தகரக் குழலை இறக்கினான். அவ்வளவு கிட்டே யாரும் வந்து நின்றதில்லை போலிருக்கிறது.

"இன்னா சொன்னே?" என்று அவள் அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "எனக்கு ஒண்ணுமே காதுல வுழல. அத்தக் கீழ வெச்சிட்டு, முதல்லேருந்து சொல்லு."